இன்ஜினுக்குக் கை கிடையாது

ஆத்மநாதன் மனிதர்களிடம் பேசியதைவிட இன்ஜின்களிடம் பேசியதே அதிகம். அதில் அவருக்கு வெட்கம் எதுவுமில்லை. இன்ஜின் பொய் சொல்லாது என்பார். உடனே, சொல்லும், ஆனால் பிடிபட்டால் ஒத்துக்கொள்ளும் என்று திருத்திக்கொள்வார்.

வயது ஐம்பத்தாறு. புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தார். கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வந்தே பதினெட்டு வருடம் ஒரு பெரிய ஷெட்டில் வேலை பார்த்தார். நடுவில் நாலு வருடம் மஸ்கட்டில் டிரெய்லர்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கடைசியில் இலுப்பூரில் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு அஸ்திவாரம் மூன்றடி, கொட்டகைத் தூண்களுக்கு ஆறடி. ஏன் என்று மனைவி பிரகதாம்பாள் கேட்டபோது, "வீட்டுக்குள்ள யாரு அர டன்னத் தொங்கவிடப் போறா?" என்று பதில் வந்தது. இத்தனை லாரிகளை ஓட வைத்தவர் இன்றுவரை போவது சைக்கிளில்தான். வண்டி வாங்கினால் ரிப்பேர் ஆகும் என்பது அவர் கட்சி.

தங்கை சொர்ணவல்லியின் புருஷன் குணசேகரனோடு அவருக்குப் பேச்சு நின்று ஆறு வருடம் ஆகிறது.

அந்தத் தம்பதியின் மகள் இளமதிக்கு அப்போது சடங்கு வைத்தார்கள். ஆத்மநாதன் தாய்மாமன். ஐம்பத்தொரு தட்டுச் சீரும் மேளமும் வெடியுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார். மண்டப வாசலில் இருபதடிக்கு பிளெக்ஸ். அதில் வார்டு மெம்பர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கிரஷர் முதலாளி கூலிங்கிளாஸ் போட்டுச் சிரித்தார். தாய்மாமன் மட்டும் அடியில், பிரஸ்காரரின் செல் நம்பருக்கு மேலே, ரேஷன் கார்டிலிருந்து வெட்டி ஒட்டிய முகத்தோடு தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன் மாப்ள?" என்று ஆத்மநாதன் கேட்டார்.

"கிரீஸ் கைக்கு இந்த எடம் போதாதா மச்சான்?" என்றார் குணசேகரன். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மீதிப் பாதிதான் பிரச்சினை.

ஐம்பத்தொரு தட்டும் வந்த வழியே திரும்பின. மேளக்காரர்களுக்கு விஷயம் தெரியாததால் வாசித்துக்கொண்டே பின்னால் போனார்கள்.

"அவனா வாயத் தொறந்து கூப்புடாம அந்த வாசல மிதிக்க மாட்டேன். நானா மொதல்ல பேசவும் மாட்டேன்" என்று ஆத்மநாதன் தெருவில் நின்று சொன்னார். குணசேகரனும் அதே தெருவில் நின்று, தானாக முதலில் பேசினால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார். இரண்டு பேரும் சொன்ன சொல் மாறாதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். கெடுதலே அதில்தான் இருந்தது.

இப்போது இளமதிக்குக் கல்யாணம், வருகிற தையில். பொன்னமராவதி மாப்பிள்ளை. மணவறையில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். கார்த்திகை பாதி கழிந்தும் குணசேகரன் வாய் திறக்கவில்லை. ஆத்மநாதன் பட்டு வேட்டியை எடுத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டுவிட்டு, பூச்சி அடிக்காமல் இருக்க என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜல்லி ஏற்றிக்கொண்டு போன குணசேகரனின் டிப்பர் லாரி, விராலிமலை ரோட்டில் ஆத்மநாதன் கொட்டகைக்கு இரண்டு பர்லாங் தூரத்தில் புகையைக் கக்கிவிட்டு நின்றது. ஆயிலில் தண்ணீர் கலந்து டீ நிறத்துக்கு வந்திருந்தது. இன்ஜினை இறக்காமல் தீராது. விராலிமலைக்கு இழுத்துப் போகக் குணசேகரன் டிராக்டர் பிடித்தார். ஸ்கூட்டியில் வந்து இறங்கிய சொர்ணவல்லி டிராக்டர்காரரிடம், "இங்கிட்டுத் திருப்புங்க" என்றாள்.

"அவன் ஷெட்டுக்கா? செத்தாலும் அவன்ட்டப் பேச மாட்டேன்" என்றார் குணசேகரன்.

"நீங்க ஏன் பேசுறீங்க? லாரி பேசிக்கிரும்."

கொட்டகையில் டிப்பர் வந்து நின்றதும் ஆத்மநாதன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். லாரிக்குச் சொந்தக்காரரைப் பார்க்கவில்லை.

"சொர்ணம், லாரிக்காரரப் போயி டீக்கடையில உக்காரச் சொல்லு."

"பார்ட்ஸ மாத்திருவாங்கெ, நான் இங்கதான் நிப்பேன்னு சொல்லு" என்றார் குணசேகரன், மூன்றடி தள்ளி நின்றுகொண்டு.

"அம்புட்டு நம்பிக்கை இருந்தா கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு கை புடிக்கச் சொல்லு. நம்ம ஹெல்ப்பர் சபரிமலைக்குப் போயிட்டாரு."

இப்படியாக, ஒருவரை ஒருவர் நம்பாத காரணத்தால் இரண்டு பேரும் ஒரே லாரியில் வேலை செய்ய ஆரம்பித்தார்கள். சொர்ணவல்லி பிளாஸ்டிக் சேர் போட்டு நடுவில் உட்கார்ந்தாள். பிரகதாம்பாள் கீரனூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்ததால் சமையலும் இவள் தலையில்தான். அங்கிருந்து இங்கிட்டு, இங்கிருந்து அங்கிட்டு என்று பேச்சைக் கடத்தினாள். வழியிலேயே வசவுகளைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். "அந்த முண்டத்த பம்பரப் புடிக்கச் சொல்லு" என்பது அவள் வாயில் "பம்பரப் புடிப்பீங்களாம்" என்று ஆனது. முண்டம் என்ற சொல் அவளுக்கு முன்பே குணசேகரன் காதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது வேறு விஷயம்.

பம்பர் வந்தது. முன் கிரில், ரேடியேட்டர் வந்தன. ஹோஸ்களும் வயர்களும் வந்தன. ஆத்மநாதன் கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் முட்டை அட்டையில் அதனதன் குழியில் வைத்தார். குணசேகரன் ஒவ்வொரு குழியையும் எண்ணினார். "எண்ணத் தெரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுதுன்னு சொல்லு" என்றார் ஆத்மநாதன்.

பன்னிரண்டரை மணிக்குச் சொர்ணவல்லி எழுந்துவிட்டாள். "நான் என்ன போஸ்ட்மேனா? ஒலை வைக்கணும். இனிமே எதச் சொல்றதா இருந்தாலும் அந்த இன்ஜின்ட்ட சொல்லுங்க. அதாச்சும் பொறுமையாக் கேட்டுக்கிரும்."

எரிச்சலில் சொன்னாள். அவர்கள் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

"ஏ இன்ஜினே," என்று ஆத்மநாதன் ஆரம்பித்தார், "கியர்பாக்ஸுக்குக் கீழ ஜாக்கி வைக்கணும்னு தெரியாத ஆளுகள்ளாம் லாரி வச்சிருக்காங்கெ பாரு."

குணசேகரன் ஜாக்கியை வைத்தார். "இன்ஜினே, வச்சாச்சு. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாக்கச் சொல்லு."

இரண்டு தூண்களுக்கும் குறுக்கே பழைய தண்டவாளத் துண்டு. அதில் பாரம் தூக்குகிற செயின் பிளாக் தொங்கியது. இன்ஜினின் முன்னும் பின்னும் இருந்த கொக்கிகளில் சங்கிலியை மாட்டினார் ஆத்மநாதன். அப்போது பின்பக்கம் குனிந்திருந்த குணசேகரன் சொன்னார்:

"இன்ஜினே, ஒன் பின்னாடிக் கொக்கி போல்ட்டு ஆடுற மாதிரி இருக்கு."

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. வேலை கற்றுக்கொடுக்கிறானாம். "இன்ஜினே, இத்தன வருசம் ஆடாத போல்ட்டு மொதலாளி மொகத்தப் பாத்ததும் ஆடுதாம்" என்றாரே தவிர, குனிந்து பார்க்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும், ஒரு கழுதை சொல்லியிருந்தால்கூட, குனிந்து பார்த்திருப்பார்.

செயினை இழுத்தார். டக் டக்கென்று அரை டன் இரும்பு ஒரு விரற்கடை எழும்பியது. அதற்கு மேல் வரவில்லை. கியர்பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இணைப்பில் கடப்பாரையைக் கொடுத்து யாராவது நெம்ப வேண்டும். குணசேகரன் நெம்பினார். இடது கையை லாரியின் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு வலது கையால் நெம்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இன்ஜின் கியர்பாக்ஸை விட்டு விலகி ஊஞ்சலாடியது.

அப்போதுதான் ஆத்மநாதன் பார்த்தார். பின்கொக்கியின் போல்ட் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. முன்பு எவரோ மரை தேய்ந்த போல்ட்டை முறுக்கி வைத்திருக்கிறார். இன்ஜினின் பின்பாகம் இறங்கப்போகிற இடம் குறுக்குச் சட்டம். அதன்மேல் நாலு விரல்.

"மாப்ள! கைய எடு!"

குணசேகரன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். போல்ட் தெறித்தது. இன்ஜினின் பின்பாகம் சட்டத்தின்மேல் விழுந்த அடியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. இடையில் மாட்டிய கடப்பாரை வளைந்துவிட்டது.

குணசேகரன் தரையில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். நாலும் இருந்தன, கட்டை விரலும் இருந்தது. பிறகு தலையைத் தூக்கி மச்சானைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நன்றி இல்லை.

"பேசிட்டே" என்றார்.

"யாரு?"

"நீதான். மொதல்ல நீ பேசிட்டே."

"நான் இன்ஜினச் சொன்னேன்."

"இன்ஜினுக்குக் கை இருக்கா?"

ஆத்மநாதன் சங்கிலியில் தொங்கிய பின்கொக்கியைக் காட்டினார். "எனக்கு அது கைதான்."

"மாப்ளன்னியே? இன்ஜினுக்கா ஒந்தங்கச்சியக் கட்டிக்குடுத்தே?"

"குடுத்திருந்தா அவ நல்லா இருந்திருப்பா."

சத்தம் கேட்டு அகப்பையோடு ஓடிவந்த சொர்ணவல்லி, முதலில் விரல்களைப் பார்த்தாள், அப்புறம் இன்ஜினைப் பார்த்தாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சேரில் உட்கார்ந்தாள்.

"போல்ட்டு ஆடுதுன்னு சொன்னேன்ல? குனிஞ்சு பாத்தியா?"

"யாருட்ட சொன்னே?"

குணசேகரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உன்னிடம்தான் என்றால் முதலில் பேசியது அவர் என்று ஆகிவிடும். "இன்ஜின்ட்ட" என்றார்.

"அப்ப இன்ஜினப் போயிக் கேளு, ஏன் குனியலன்னு."

"அந்த பிளெக்ஸயே நான் போடலடா. பிரஸ்காரன் போட்டான்."

"கிரீஸ் கைன்னு பிரஸ்காரனா சொன்னான்?"

"ஒரு சொல்லு! வெளையாட்டுக்குச் சொன்ன ஒரு சொல்லுக்குச் சீர்த்தட்டத் திருப்பிக்கிட்டுப் போனவன்லாம் தாய்மாமனா? மாமா எங்கப்பா, மாமா எங்கப்பான்னு எம்மக அன்னைக்குப் புதுச்சேலையோட உக்காந்து அழுதுச்சு. தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. ஆறு வருடமாக யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் பேசாமல் இருந்தார்கள். தெரியாததை மறைக்க ஆத்மநாதன் இன்னும் சத்தமாகக் கத்தினார்: "தையில கல்யாணம். மாலை எடுத்துக் குடுக்க எவன வச்சிருக்கே? வார்டு மெம்பரையா?"

"வந்து தொலையேன்டா! எவன் வேணாம்னான்? வந்து மாலைய எடுத்துக் குடுத்துட்டு எங்கிட்டாச்சும் ஒழிஞ்சு போ!"

சொர்ணவல்லி அகப்பையோடு எழுந்தாள்.

"கூப்புட்டாச்சு" என்றாள். "ரெண்டு காதாலயும் கேட்டேன்."

குணசேகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலையைத் திருப்பி, சாய்ந்து கிடந்த இரும்பைப் பார்த்தார். "நான் இன்ஜினச் சொன்னேன்" என்றார்.

இன்ஜினில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது ஆத்மநாதனுக்குப் பழகின வேலை. இந்தக் கோளாறையும் உடனே கண்டுபிடித்துவிட்டார். அதை மாட்டிவைத்தவர் அவரேதான். கையை எடு என்று அவர் சொன்னது இன்ஜினுக்கு என்றால், வந்து தொலை என்று இவன் சொன்னதும் இன்ஜினுக்குத்தான். போல்ட் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, நீதான் என்னிடம் முதலில் பேசினாய் என்று இன்னும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டலாம். ஜெயித்தும் விடலாம். ஜெயித்த பிறகு வீட்டில் உட்கார்ந்து கல்யாண மேளத்தை செல்போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குனிந்து, தெறித்த போல்ட்டைத் தேடி எடுத்தார். தேய்ந்த மரையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒன்னத்தான் சொன்னேன்" என்றார், போல்ட்டைப் பார்த்துக்கொண்டே.

"என்னது?"

"கைய எடுன்னு ஒன்னத்தான் சொன்னேன். மொதல்ல பேசுனது நான்தான். ஊரு பூராச் சொல்லிக்க." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரச் சொன்னேன்னு இப்பச் சொல்லு."

குணசேகரனுக்கு வெற்றி கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தவர், அதோடு தான் மச்சானைக் கூப்பிட்டதும் சேர்ந்து வருவதைக் கண்டுகொண்டார். எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். மச்சான்மேல் இருந்த வெறுப்பு பெரிதுதான். ஆனால் ஆறு வருடம் காத்திருந்த வெற்றி அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒன்னயத்தான் சொன்னேன்" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா நீதான் மொதல்ல."

"வெள்ளிக்கெழம தட்டு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வாரோம் அண்ணே" என்று சொர்ணவல்லி அவசரமாகச் சொன்னாள். இன்னொரு வார்த்தை விழுவதற்குள் ஆணியடித்துவிடப் பார்த்தாள். முடியவில்லை.

"வருவேன்" என்றார் ஆத்மநாதன். "மாலை எடுத்துக் குடுப்பேன். ஆனா ஒன் பந்தியில கை நனைக்க மாட்டேன்."

"ஒனக்கு எவன் எலை போடுறதா இருந்தான்?"

"சோறு வடிச்சாச்சு. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க" என்றாள் அவள், வழக்கத்தை விடாமல்.

"இவன் வீட்டுல மட்டும் நான் நனைப்பேனாக்கும்?" குணசேகரன் மடித்துக் கட்டிய கைலியோடு, கிரீஸ் கையைக் கழுவக்கூட நிற்காமல், டீக்கடையைப் பார்த்து நடந்தார். முதலில் பேசியது யார் என்று அங்கே சொல்ல வேண்டியிருந்தது.

ஆத்மநாதன் கொட்டகை வாசல்வரை போய் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினார்: "பத்து நிமிசத்துல வந்து செயினப் புடி. ஒத்தக் கொக்கியில நிக்கிது."

"தெரியும்டா" என்று பதில் வந்தது. தலை திரும்பவில்லை.