படிவத்தில் விட்ட வெள்ளை இடம்

இல்ஃபோர்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். டெக்சஸில் ஓட்டுரிமை வைத்துக்கொண்டு லண்டனில் வாழும் தமிழர்களிடம் கையெழுத்து வாங்க வந்திருக்கிறேன். அமெரிக்க அரசு வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும், மாநிலங்கள் கூடி அரசியல் சட்டத்தைத் திருத்தி அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

எதிரில் யோகன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ஹூஸ்டனில் பல வருடம் இருந்தவர். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

"பட்ஜெட் விசயம் மட்டும்தானோ தம்பி?"

"ஆமா, அது மட்டும்தான்."

"மாநிலமெல்லாம் கூடினாப் பிறகு வேற ஒண்டிலையும் கை வைக்கமாட்டினம் எண்டு உங்களாலை சொல்ல ஏலுமோ?"

"அப்படியெல்லாம் நடக்காதுங்க." என் குரலை நானே நம்பவில்லை.

அவர் கையெழுத்திடுகிறார். பிறகு, கோரிக்கைக்கும் கையெழுத்துக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் இடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுக்கிறார்.

"பிழையா நினையாதேங்கோ. வெறும் இடம் விட்டுச் சைன் வைச்சு, பிறகு அதுக்குள்ளை வேற ஏதோ எழுதிப்போட்டினம். ஒருக்கால் பட்டிருக்கிறன்."

"படிவம் எங்க ஆபீஸ்ல அடிச்சதுங்க."

"ஓம். அவை ஏன் இவ்வளவு இடம் விட்டவை?"

அவர் போனதும் பையிலிருக்கும் மற்ற படிவங்களை எடுத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் அதே வெள்ளை. மேலே இருப்பது நான் கையெழுத்திட்டது.

பேனாவைத் தேடுகிறேன்.