ஒரு சூதாட்டக் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்தோம்

டப்பிங் வேலையில் தொண்டை கெட்டுப்போகும் என்பார்கள். முதலில் கெடுவது காதுதான். வீட்டில் யாராவது உண்மையாகவே அழுதால்கூட, 'மூச்சு கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டாங்களே' என்று தோன்றும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்களும் ஏதோ ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு கண்ணையோ முதுகையோ மனசையோ கெடுத்துக்கொண்டவர்களாகத்தான் இருப்பீர்கள். அதனால் உங்களிடமும் சொல்லலாம்.

எனக்கு ஊர் சித்தூர். திருப்பதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, மாடியில் இரண்டே அறைகள் கொண்ட டப்பிங் ஸ்டுடியோவில் வேலை. வெளிநாட்டுத் தொடர்களைத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றிக் கொடுப்போம். முதலாளி கேசவுலு, ஒலிப்பதிவும் அவரே. தமிழ் வசனம் எழுதுவது, பேசுகிறவர்கள் பக்கத்தில் நின்று பேச வைப்பது என் பொறுப்பு. பாதி வசனத்தைப் பஸ்ஸிலேயே திருத்துவேன். திருப்பதிக்கு முந்தின சந்திரகிரி வரும்போது பேனாவை மூடினால் சரியாக இருக்கும்.

அந்த வருஷம் பன்னிரண்டு எபிசோட் கொண்ட ஒரு ஜப்பான் அனிமே வந்தது. கார்ட்டூன்தானே, குழந்தைகளுக்கானதாக இருக்கும் என்று நினைத்து முதல் எபிசோடைப் போட்டேன். பனி மூடிய மலையில் ஒரு விடுதி. கடனில் மூழ்கியவர்கள் அங்கே வந்து சீட்டாடுவார்கள். ஜெயித்தால் கடன் அடைந்துவிடும். தோற்றால் அங்கேயே வேலைக்காரர்களாகத் தங்கி, அடுத்து வருகிறவர்களுக்குப் பரிமாற வேண்டும்.

நாலு தறி

கதாநாயகனுக்குக் குரல் கிடைக்காமல் திண்டாடினோம். நாற்பத்தைந்து வயது, எல்லாவற்றையும் தோற்றவன். ஆறு பேரைப் பேச வைத்துப் பார்த்தோம். ஆறு பேரும் சினிமாவில் அழுகிற மாதிரியே அழுதார்கள். ஒருநாள் கேசவுலு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் முனிரத்தினம். தனியார் வேன்களுக்காக 'வேலூர், சென்னை' என்று கூவி ஆள் பிடிக்கிறவர். அத்தனை ஹாரனுக்கு நடுவிலும் அவர் குரல் தனியாகக் கேட்டதாம்.

கதையைச் சொல்லி, தாளைக் கையில் கொடுத்து, மைக் முன்னால் நிறுத்தினேன். கையிலிருந்த கடைசிச் சீட்டையும் தோற்றவன், விடுதிக்காரியின் முன் மண்டியிட்டு இன்னும் ஒரு ஆட்டம் கேட்கிற காட்சி. அவர் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேசினார். கத்தவில்லை, அழவில்லை. மளிகைக் கடையில் சில்லறை கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கெஞ்சினார். நாடகத்தில் நடித்திருக்கிறாரா என்று கேசவுலு விசாரித்தார்.

"இல்ல சார். நகரியில நாலு தறி ஓட்டிக்கினு இருந்தேன். சீட்டாட்டத்துல ஒவ்வொண்ணா போச்சி. ஒவ்வொரு தறிக்கும் ஒரு தடவ இப்பிடிப் பேசியிருக்கேன்."

விடுதிக்காரி

விடுதிக்காரி வேஷத்துக்கு எங்கள் சபையின் பாடகர் குழுவிலிருந்து தபித்தாள் அக்காவை அழைத்தேன். ஆண்களுக்குச் சமமாகக் கீழ்க்குரலில் பாடுவார். சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சூதாட்டக் கதை என்றதும் முதலில் தயங்கினார். பிறகு, பாவத்தின் சம்பளத்தைக் காட்டுகிற கதைதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்த வேஷம் சிக்கலானது. விடுதிக்காரி யாரையும் திட்டமாட்டாள், மிரட்டமாட்டாள். அன்பாகத்தான் பேசுவாள். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. முதல் டேக்கிலேயே அக்கா அச்சாகப் பேசிவிட்டார். சபையில் எல்லோருக்கும் செல்லமான மனுஷி, இந்தக் குரலை எங்கே வைத்திருந்தார் என்று ஆச்சரியமாகக் கேட்டேன்.

"லில்லி, இருபத்தாறு வருஷம் கேஷ் கவுண்டர்ல உக்காந்துக்கினு, 'டெபாசிட் கட்டிட்டு வாங்கம்மா, அப்புறம் உள்ள சேர்த்துக்கிறோம்'னு சொன்னேனே, அதே குரல்தான்."

பூட்டாத கதவு

நான்காவது எபிசோடில் ஒரு விஷயம் தெரியவரும். அந்த விடுதியின் வாசல் கதவுக்குப் பூட்டே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் யாரும் வெளியே நடந்து போகலாம். ஒருவரும் போவதில்லை. தபித்தாள் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. டீ இடைவேளையில், எழுதியவனுக்கு மூளை இருக்கிறதா, கதவு திறந்திருக்கும்போது இந்த முட்டாள் எழுந்து போகவேண்டியதுதானே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் ஜப்பான்காரன் எழுதியதற்கு ஜவாப்தாரி இல்லை என்று ஒதுங்கிக்கொண்டேன்.

ஜன்னல் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த முனிரத்தினம், டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"அங்க உக்காந்துக்கினு இருக்கிற வரைக்கும் ஆட்டம் இன்னும் முடியல அக்கா. எழுந்து வெளிய வந்தாத்தான் தோத்துப்போனதா அர்த்தம்."

பதினேழு தடவை சிரிப்பு

ஐந்தாவது எபிசோடில் கதாநாயகன் முதல்முறையாகப் பெரிய ஆட்டம் ஒன்றை ஜெயிக்கிறான். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். கெஞ்சலையும் பயத்தையும் ஒரே டேக்கில் கொடுக்கிற முனிரத்தினத்துக்குச் சிரிப்பு மட்டும் வரவில்லை. இருமல் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கேசவுலு ஜோக் சொல்லிப் பார்த்தார். தபித்தாள் அக்கா சிரித்துக் காட்டினார். பதினேழு டேக் ஆனது. பதினேழிலும் படத்தில் இருப்பவன் சிரிக்க, குரல் எங்கோ பயந்துகொண்டிருந்தது.

கடைசியில் பக்கத்தில் போய், நீங்களும் எப்போதாவது ஜெயித்திருப்பீர்களே, அந்த நாளை நினைத்துக்கொண்டு சிரியுங்கள் என்றேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"ஜெயிச்சிருக்கேன் மேடம். ஒரு தடவ ரெண்டு தறியைத் திருப்புற அளவுக்கு ஜெயிச்சேன். அன்னிக்குச் சிரிக்கல. இது எப்பப் போவும், எப்பப் போவும்னு நோட்டையே எண்ணிக்கினு இருந்தேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஆறாவது எபிசோட் பதிவின்போது ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு துணிப்பை. முனிரத்தினத்தின் மனைவி தேவகி. நகரியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. கார்ட்டூனுக்குப் பேசப் போகிறேன் என்று புருஷன் சொன்னதை அவர் நம்பவில்லை. இது சீட்டாடுகிற இடம்தான் என்று முடிவு செய்து, அரைநாள் கூலியை விட்டுவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார். மைக்கையும் திரையையும் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. உட்காரச் சொல்லி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டேன்.

உள்ளே முனிரத்தினம் அவரைப் பார்க்கவில்லை. படத்தில் கதாநாயகன் ஊரிலிருக்கும் மனைவிக்கு போன் செய்து, வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிற காட்சி. நான் எழுதிய வசனம் கொஞ்சம் நீளமாக இருந்ததால், உதட்டசைவுக்குத் தகுந்த மாதிரி முனிரத்தினமே ஒத்திகையில் மாற்றியிருந்தார். 'இதான் கடைசி. பாப்பா தலைமேல அடிச்சி சொல்றேன். நாளைக்கு இந்நேரம் நீ எப்பிடி இருக்கப்போற பாரு.' என் வசனத்தைவிட அது நன்றாக இருந்தது. நான் பாராட்டியும் இருந்தேன். ஸ்பீக்கரில் அது வந்தபோது தேவகி துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். காட்சி முடியும் வரை அசையவில்லை. போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சம்பளத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். நடிப்பு எப்படி இருந்தது என்று, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகக் கேட்டுவைத்தேன்.

"எங்கிட்ட சொன்னதையேதான் சொல்றாரு மேடம். ஒரு வார்த்தகூட மாத்தல."

கையெழுத்து

இனி வருவதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பதினோரு எபிசோட் முடிந்ததும், தொடரைக் கொடுத்த கம்பெனியிலிருந்து பணம் வந்தது. பேசியவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், அதுதான் நடைமுறை. தேவகிக்கு போன் செய்து வரச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். முனிரத்தினம் எதிரே நின்றார். மெதுவாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் நானே தொலைத்தேன், ஒரே ஒரு தடவை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க வேண்டும், மகள் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் குரலை மாதக்கணக்காகக் கேட்டவள் நான். மூச்சு எங்கே எடுப்பார், எங்கே இறக்குவார் என்று எல்லாம் தெரியும். இருந்தும் போனைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அவர் பொய் சொன்னார் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. படி இறங்கும்போது உண்மையாகவே நகரி பஸ்ஸுக்குத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் தேவகி போன் செய்தார். பணம் வந்ததா, அவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"உங்களையும் நம்ப வெச்சிட்டாரா."

மாந்தோப்பு

எட்டாம் நாள் ஒரு வேன் டிரைவர் தகவல் சொன்னார். வெதுருகுப்பம் பக்கம் ஒரு மாந்தோப்பில் மூணு சீட்டு நடக்கிறது, ஆள் அங்கே இருக்கிறார் என்று. கேசவுலுவின் காரில் காலையிலேயே போனோம். மாங்காய் இறக்குகிற காலம், ரோட்டோரமெல்லாம் லாரி. தோப்புக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முனிரத்தினம் ஆடவில்லை. ஆடப் பணம் முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிட்டது. ஆடுகிறவர்களுக்குத் தண்ணீரும் பீடியும் வாங்கி வந்து கொடுத்து, ஜெயித்தவன் மிச்சம் வைத்ததைத் தின்றுகொண்டு, அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வந்து காரில் ஏறிக்கொண்டார். கேசவுலு ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னார். குரல் முழுக்க உடைந்து, காற்று மட்டும் வந்தது.

வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது கேசவுலு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனுஷர் இல்லை அவர். பெட்ரோல் செலவைக்கூடக் கணக்கில் எழுதவில்லை. ஆனால் கடைசி எபிசோடில் கதாநாயகனுக்குக் குரலே போய்விட்டிருக்கும். அதை எப்படிப் பதிவு செய்வது என்று இருவருமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மா, ரெண்டு நாள் சோறு துன்னு படுத்து எழுந்தா இந்த கொந்து, இந்த உடைஞ்ச குரல், சரியாப்போயிடும். இன்னிக்கே எடுத்துடலாமா?"

கடைசி எபிசோட்

எடுத்தோம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பகல் பதினோரு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தோம். ஒரு பிசகு இல்லை. முடிவில் கதாநாயகன் வேலைக்காரனாக நின்று, புதிதாக வந்த விருந்தாளிக்குக் கோட்டைக் கழற்ற உதவுவான். 'வாங்க, உள்ள குளிரில்ல' என்று ஒரே வரி. முனிரத்தினம் அதைச் சொன்னபோது கன்சோல் முன்னால் கேசவுலு தலையைக் குனிந்துகொண்டார். சோறு வாங்கிக் கொடுத்தோமா என்றால், கொடுத்தோம். பதிவு முடிந்த பிறகு.

சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு, கடைசி எபிசோட் பணத்துக்கான தாளை நீட்டிய என்னிடம் அவர் பேனாவை வாங்கவில்லை.

"தேவகியை வரச் சொல்லுங்க மேடம். அந்தப் பணத்த எங்கண்ணுல காட்டாதீங்க."

இரண்டாம் பாகம்

தேவகி வந்தார், அவர் முன்னாலேயே முனிரத்தினம் கையெழுத்துப் போட்டார், தேவகி பணத்தை வாங்கிக்கொண்டு அவரையும் கூட்டிப் போனார். தொடர் வெளியானது. அந்தக் குரலைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் 'உள்ள குளிரில்ல' என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இரண்டாம் பாகம் வருகிறது, அதே ஆள் வேண்டும், இரண்டு மடங்கு தருகிறோம் என்றது கம்பெனி.

போன் செய்தேன். தேவகிதான் எடுத்தார். முனிரத்தினம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலையில் இருக்கிறார், ஏழு மாதமாகச் சம்பளம் நேராகத் தேவகியின் அக்கவுண்டுக்கு வருகிறது, அவரிடம் இருப்பது சீட்டாட முடியாத பட்டன் போன்தான் என்றார். நல்லது என்றேன். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். தொகையையும் சொன்னேன். அவர் எவ்வளவு பிரமாதமாக நடித்தார், எத்தனை பேர் பாராட்டினார்கள் என்பதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் தேவகி பேசினார்.

"வேணாம் மேடம். நடிப்புன்னு நீங்க சொல்றீங்க. ஏழு மாசமா நல்லா இருக்கேன்னு தினமும் போன்ல சொல்றாரு. அதுல எது நடிப்பு, எது நெஜம்னு எனக்கு இன்னும் பிடிபடல."

ஆக, இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: எழுதிக்கொடுத்த அழுகைக்கு மட்டும்தான் எங்களிடம் ரேட் இருக்கிறது, எழுதாததையெல்லாம் நாங்கள் இலவசமாகவே எடுத்துக்கொள்கிறோம்.