பெட்ரோல் மூடியும் இரண்டு ஷிப்டும்

மணிமங்கலத்துச் செங்கமலத்துக்கும் அவள் கணவன் ஜீவானந்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய பைக். கம்பெனி பஸ் ஊருக்குள் வராததால், நாற்பது வயதுக்கு மேல் கியர் வண்டி ஓட்டப் பழகியவள் அவள். விடியுமுன் கிளம்பி ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் முதல் ஷிப்ட் பார்ப்பாள். மதியம் அவள் வந்து சாவியைக் கொடுத்தால்தான் அவன் படப்பை குடோனுக்கு இரண்டாம் ஷிப்ட் போக முடியும். இருவரும் முகம் பார்த்துக்கொள்வதே அந்த வாசலில்தான்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பைக் அவளைப் படுத்தி எடுத்தது. கிளம்பும்போது நன்றாக இழுக்கும். படப்பையைத் தாண்டியதும் முக்கும், திணறும், நின்றுவிடும். ஷிப்ட் முழுக்க நின்று கடுத்த காலால் உதைத்து உதைத்துப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் போனால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

மெக்கானிக் ஐயனார் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வண்டி சூப்பரா கீதும்மா" என்றார்.

"எனக்கு நல்லாத்தானே ஓடுது," என்றான் ஜீவானந்தம். "உனுக்கு ஓட்டத் தெரியல. வண்டி மேல பழி போட்டுகினு, தினம் என்னையும் லேட்டாக்குற."

அவள் சாவியை நீட்டிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி மறுபடி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. பாதி டேங்க் பெட்ரோல் கிடந்தது. மூடிவிட்டு உதைத்தாள், உடனே பிடித்துக்கொண்டது. சற்றுத் தூரத்தில் திணறியபோது ஓரங்கட்டித் திறந்தாள். மறுபடியும் உஸ். அப்புறம் மூடியை அழுத்தாமல் ஒப்புக்கு வைத்துக்கொண்டு ஓட்டினாள். வீடுவரை ஒரு முக்கல் இல்லை.

பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும், போக வழியில்லை. அவன் போகும் தூரம் குறைச்சல். வண்டி திணறுமுன் குடோன் வந்துவிடும்.

வாசலில் மூடியை அவனிடம் நீட்டினாள். "காத்து போற ஓட்டை அடைஞ்சிகீது. பாரு."

திருப்பிப் பார்த்தவன் முகம் சுருங்கியது. ஓட்டையின் மேல் காய்ந்து இறுகிய எம்சீல் பசை. "மழைத்தண்ணி உள்ள போவுதுன்னு நான்தான் அடைச்சேன்," என்றான். "நீ நடுரோட்ல நிக்கக் கூடாதுன்னு."

இத்தனை நாள் சேர்ந்திருந்த கோபத்தைக் கொட்டப் பார்த்தாள். அதற்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் குனிந்து சுரண்டினான்.

மறுநாள் வண்டி எங்கும் நிற்கவில்லை. சீக்கிரமே வந்துவிட்டதால் இருவரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டே குடோன் சூப்பர்வைசரைப் பற்றி அவன் ஏதோ சொன்னான். நிமிர்ந்து பார்த்தான். தட்டில் வைத்த கை அப்படியே இருக்க, செங்கமலம் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.