தம்பியின் கடைவாய்ப்பல்

என் தம்பியின் இடது கடைவாய்ப்பல்லை உடைத்தது நான்தான். பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று பல் டாக்டரிடம் சொன்னது பொய். ஆழ்வார்குறிச்சியில் இன்றைக்கும் அந்தப் பொய்தான் உலவிக்கொண்டிருக்கிறது. உலவட்டும்.

அவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறவன். போன ஆவணியில் அப்பா இறந்தபோது அவன் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அப்பா மூன்று நாள் கிடந்தார். "அப்பா சீரியஸ், உடனே கிளம்பு" என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டேன். சரி என்றான். அதற்குப்பிறகு அவன் போன் எடுக்கவே இல்லை. கொள்ளி வைத்து, சாம்பலை ஆற்றில் கரைத்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரு செய்தி வந்தது: "லீவு கிடைக்கலண்ணே." அந்த ஒரு வரியை ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் வைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் வந்தான். வந்த நாலாம் நாள் மத்தியானம் என் மனைவி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள். இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பாவுக்குச் சொதின்னா உசுருல்லா" என்றான்.

"அவர் பேரை உன் வாயால சொல்லாதலே," என்றேன். "பெத்த அப்பனைத் தூக்கையில எங்கலே போயிருந்த?"

"லீவு கிடைக்கலண்ணே."

"தூ! வெக்கமா இல்ல?"

அவனுக்கும் எங்கள் வீட்டு ரத்தம்தானே. முகம் சிவந்துவிட்டது. "பக்கத்துல இருந்த நீ என்னத்தக் கிழிச்ச? நெஞ்சு வலிக்குன்னு சொன்ன மனுசனுக்கு ராத்திரி முழுக்க ஓமத்தண்ணி குடுத்துட்டு உக்காந்திருந்தேல்லா!"

உண்மை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்து ஒரே குத்து. உரக்கடையில் இருபது வருஷமாக மூட்டை தூக்குகிற கை இது. கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவன் பக்கவாட்டில் சாய்ந்து, சுவரில் தலை இடித்து, இலை மேலேயே விழுந்தான். வெள்ளைச் சொதியில் ரத்தம் கலந்து ஓடியது. நான் விடவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று கொடுத்தேன். "அய்யோ, கொன்னுராதீங்க!" என்று என் மனைவி நடுவில் வந்து விழுந்தாள்.

"திருப்பி அடிலே! ஆம்பளைன்னா அடி!" என்று கத்தினேன். அவன் அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது என்னை இன்னும் வெறியாக்கியது.

அன்றைக்கு முழுக்க ரத்தம் துப்பினான். பல் உடைந்தால் ரத்தம் வரத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நானே போய் பைக்கை எடுத்தேன். அம்பாசமுத்திரம் போகிற வழியில் நாலு இடத்தில் நிறுத்தச் சொல்லித் துப்பினான்.

பல் டாக்டர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், மெலிந்த கை. விழுந்த கதையை நான் சொன்னேன். அவள் என் விரல் முட்டியில் இருந்த காயத்தைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, நெஞ்சு சம்பந்தமாக ஏதாவது உண்டா, தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேட்டாள்.

தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தான். "ஒண்ணும் கிடையாது" என்றான்.

படம் எடுத்துப் பார்த்தாள். பல் நடுவில் பிளந்து, வேர் வரைக்கும் விரிசல். பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஊசி போட்டு உதடு மரத்த பிறகு, "அமுக்குத மாதிரி தெரியும். ஆனா வலிக்கக் கூடாது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்றாள்.

என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள். நின்றேன். மேல்பகுதி நொறுங்கி வந்துவிட்டது. வேரை இரண்டாக அறுத்து ஒவ்வொன்றாக நெம்பினாள். அவள் முழங்கை நடுங்கியது. அவன் தலை ஆடியது, கால் விரல்கள் மடங்கின. எலும்புக்குள்ளிருந்து கரகரவென்று வந்த சத்தம் எனக்கே கேட்டது. சத்தியமாகச் சொல்லுகிறேன், முதலில் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு வராத பயலுக்கு இது வேணும் என்று நினைத்தேன்.

பல் வந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை.

பஞ்சுத்துணியை மடித்து வைத்து அமுக்கினாள். நனைந்தது. மாற்றினாள். அதுவும் நனைந்தது. மோவாய் வழியாக ரத்தம் வழிந்து கழுத்துக்குப் போனது. தட்டு நிறையச் சிவப்புத் துணி. ஐந்தாவது துணியோடு அவள் பொறுமை போய்விட்டது.

"என்கிட்ட எதையோ மறைக்கீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதீங்களா, இல்லையா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். அவள் பர்ஸை எடுத்துப் பிரித்தாள். உள்ளே மடித்து வைத்த இரண்டு மாத்திரை அட்டை.

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கா?"

தலையை ஆட்டினான்.

"அட ஆண்டவா! இதைச் சொல்லுததுக்கு என்ன? மரத்துப்போற ஊசியையே நான் யோசிச்சுல்லா போட்டிருக்கணும்! நெஞ்சு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ரத்தத்தை நிறுத்துததுக்கு எல்லாம் தயாரா வச்சுக்கிட்டுத்தானே கையே வச்சிருப்பேன்!" பிறகு சட்டென்று கேட்டாள்: "எப்ப வச்சது?"

அவன் போனை எடுத்துத் தேதியைத் தட்டிக் காட்டினான். எட்டிப் பார்த்தேன். அப்பாவை எரித்ததற்கு முந்தின நாள்.

அவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். ரத்தம் சொட்டிய திரையில் படித்தேன். 'நீ போன் பண்ணின அன்னைக்கே கிளம்பிட்டேன். ஏர்போர்ட்ல விழுந்துட்டேன். அப்பா போன வீட்டுல இதையும் எப்படிச் சொல்ல?'

டாக்டர் குழிக்குள் மருந்துப் பஞ்சு வைத்து மூன்று தையல் போட்டாள். நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் போனில் பேசினாள். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள், அவனிடம் சொல்லவில்லை. "இந்தத் துணியை ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசக் கூடாது. துப்பவே கூடாது, எச்சியை முழுங்கணும். அந்தக் குழியில ரத்தம் கட்டினாத்தான் ஆறும். துப்பினா, கொப்புளிச்சா, உறிஞ்சிக் குடிச்சா அது பிச்சுக்கிட்டு வந்துரும். நாளைக்கு இந்நேரம் வரைக்கும் கொப்புளிக்க வேண்டாம், சூடா எதுவும் வேண்டாம். பயந்துக்கிட்டு மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க. பல்லு போனாப் போகுது, உசுரு முக்கியம். ஒரு மணி நேரம் இங்கனயே இருங்க, நான் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்." மாற்றுவதற்கென்று மடித்த துணி நாலைந்து என் கையில் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் வாயைத் திறக்க முடியாது. இவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்நிய ஊரில் தரையில் கிடந்த நேரத்தில், நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் போனை நீட்டினான். 'அப்பா என்னைக் கேட்டாரா?'

"இருலே, துணியை எடுக்கட்டும், பேசலாம்" என்றேன். கோழைத்தனம். பேச முடியாதவன் அவன், நான் இல்லை. அவன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தபடியே இருந்தான்.

"கேட்டாரு."

'என்ன சொன்னே?'

வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு இருக்கிற ஒரே தம்பி, இதயத்தில் ஸ்டென்டோடு வாயில் ரத்தத் துணியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"அவன் வரமாட்டான், நீங்க அவனுக்கு வேண்டாம்னு சொன்னேன்லே. கோவத்துல சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவர் உன்னைக் கேக்கவே இல்ல. சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. மறுநா காலையில போயிட்டாரு."

அவன் எழுந்தான். நானும் எழுந்தேன். நான் கையைத் தூக்கவில்லை. கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே கண் இருண்டது. இரண்டாவது குத்து மூக்கில். மூன்றாவதுக்கு நான் பெஞ்சோடு சேர்ந்து கீழே கிடந்தேன். காத்திருந்தவர்கள் அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவன் ஏதோ கத்தினான், அழுகையா வசவா தெரியவில்லை. துணி தெறித்து விழுந்து, வாயிலிருந்து மறுபடியும் ரத்தம் கொட்டியது.

டாக்டர் ஓடி வந்தாள். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். அவன் சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தேன். என் மூக்கு ரத்தம் அவன் தோளில் சொட்டியது. கையிலிருந்த துணியில் ஒன்றை எடுத்து அவன் வாய்க்குள் வைத்து, "கடிலே" என்றேன். தலையைத் திருப்பினான். "அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் அடி. இப்பம் கடி. கடிச்சிருலே, உன் காலைப் பிடிக்கேன்."

கடித்தான். இரண்டு கையாலும் அவன் தாடையைச் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கையைத் தட்டிவிடவில்லை. அவன் கண்ணீர் என் விரல் வழியாக இறங்கியது.

"முதல்லேருந்து ஒரு மணி நேரம்" என்றாள் டாக்டர்.

சரி என்றேன்.