செம்புக் குடத்தைத் தொட்டுவிட்டு

பட்டாசு கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதில் கை வைத்துவிட்டுத்தான் வெடிமருந்து இருக்கிற அறைக்குள் நுழைய வேண்டும். எம். புதுப்பட்டிப் பக்கம் வேலைக்குப் போகிற எங்களுக்கு இது பழகிப்போன காரியம். எதற்கு என்று ஒருநாள் மகள் கேட்டாள். "நம்ம உடம்புல இருக்க கரண்டு அதுல இறங்கிரும். தொடாமப் போனா எல்லாம் வெடிச்சிரும்" என்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதற்குமேல் என்னத்தைச் சொல்ல?

அந்த வருஷம்தான் என் மனைவிக்குச் சீக்கு வந்தது. சுவருக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றாள். நான் போட்டுக் கொடுத்த சோற்றை மோந்து பார்த்துத் தள்ளினாள். திடீர் திடீரென்று அலறினாள். இருக்கன்குடிக் கோயிலில் போய் விழுந்து கும்பிட்டோம். பிறகு விருதுநகரில் மனநல டாக்டரம்மாவைப் பார்த்தோம். மாத்திரையில் தணியும், மறுபடி ஏறும். எனக்கு அலுத்துப் போயிருந்தது. வேலை, சமையல், ஆஸ்பத்திரி, அப்புறம் அக்கம்பக்கத்தாரின் விசாரிப்பு. விசாரிப்புக்குப் பதில் சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய வேலை. பிள்ளையிடம் மட்டும் "அம்மாவுக்குத் தலைவலி" என்று சொல்லி வைத்திருந்தோம்.

அடுத்த தடவை மகளையும் கூட்டி வரச் சொன்னார் டாக்டரம்மா. என் அக்காவுக்கு அது ஆகவில்லை.

"பச்சப் புள்ளைய எதுக்குடா அங்கன இழுத்துட்டுப் போற? நாளைக்கு ஒருத்தராச்சும் பொண்ணு கேட்டு வருவாகளா?"

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பஸ்ஸில் மகள் ஜன்னலோரம், மனைவி அந்தப் பக்கம், நடுவில் நான்.

"அம்மாவுக்கு ஏன் இப்படி வருதுன்னு நீ நினைக்கிற, பாப்பா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மகள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு நான் குடத்தத் தொட மறந்துட்டேன்."

எங்கள் அடுப்படியில் தண்ணீர் வைக்கிற செம்புக் குடம் அது. அவள் அதைத் தொட்டுவிட்டு அம்மாவிடம் போவதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய சந்தோஷத்தில், தொடாமல் ஓடிப் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் என் மனைவிக்கு மறுபடி ஏறியது. கம்பெனித் தகட்டைப் பற்றி நான் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அது மூளைல வர்ற நோய். உன்னால வரல. குடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் டாக்டரம்மா. மகள் தலையாட்டினாள். புரியாத கணக்குக்கு டீச்சரிடம் ஆட்டுகிற அதே ஆட்டல். என் மனைவி கடைசிவரை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் தலை பின்னிக்கொள்ள மகள் சீப்பும் ரிப்பனுமாக வந்தாள். கை தானாகக் குடத்துக்குப் போனது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். தொடாமல் கிட்டப் போகவும் பயம். நடுவிலேயே நின்றுவிட்டாள்.

என் மனைவி மெல்ல எழுந்து வந்தாள். மாத்திரையால் நடுங்குகிற கையைக் குடத்தின்மேல் விரித்து வைத்தாள்.

"நானும் தொட்டுட்டேன் தாயி. இனி எங்கிட்ட வர பயமில்ல. வா, தல பின்னுவோம்."