எழுத்தோரம் படிந்த வெள்ளை

ஹராமிஹோ என்ற எங்கள் மீனவ ஊரில் நர்சிசா கிஹிஹே வீடியோ எடுக்காத வீடு அபூர்வம். கல்யாணம், ஞானஸ்நானம், பெண் பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள், சாவு எல்லாவற்றுக்கும் அவள்தான். "மணப்பொண்ணு மூக்கு கோணலா விழுந்தாக்கூட விட்டுடுவா. பேரோட எழுத்து மங்குனா விடமாட்டா" என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலியில் பொய் இல்லை. முகம் மங்கினால் சொந்தக்காரர்களாவது கண்டுபிடிப்பார்கள், பேர் மங்கினால் யார் கண்டுபிடிப்பது என்பாள். அதனால் கணினியில் எழுத்தைக் கோடுகளாகவே வரைவாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வீடியோவாக வெளியே எடுக்கும்போதுதான் அது புள்ளிகளாகிறது, வம்பும் அங்கேதான். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், அது இன்னும் மங்கலாக்கிவிடும் என்று சண்டைக்கு வருவாள். பென்டிரைவை எடுத்துக்கொண்டு தானே நடப்பாள்.

அந்த வருடம் புனித பேதுரு திருவிழாவுக்கு, கடலுக்குப் போய்த் திரும்பாத படகுகளைப் பற்றி ஒரு வீடியோ கேட்டார்கள். படகுகளில் தீட்டியிருந்த பெயர்கள், தீட்டியவர்களின் கையெழுத்திலேயே வர வேண்டும். எங்கள் கரையில் எழுத்தை வைத்துத்தான் படகைத் தூரத்திலேயே அடையாளம் காண்போம்.

எலெவ்தேரியோ மேரோ ஒரு புகைப்படத்தோடு வந்தார். அவர் மகன் ஹசிந்தோ அம்மாவின் பெயரையே படகுக்கு வைத்து, நீல உடம்பில் சிவப்பு எழுத்தில் தானே தீட்டியிருந்தான்: எர்மிந்தா. படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அன்றைக்கு ஏற்றிய வாசல் விளக்கை எர்மிந்தா பகலில்கூட அணைப்பதில்லை. அவன் ஆத்மாவுக்குப் பூசை வைக்கலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

"வெயில்ல ரெண்டு கண்ணுலயும் சதை வளந்து போச்சு மகளே. பெருசாப் போடு. அவன் எழுத்த நான் ஒரு தடவ படிச்சிரணும்."

"படிப்பீங்க எலெவ்தேரியோ ஐயா. அது என் பொறுப்பு."

நர்சிசா ஒவ்வொரு எழுத்தாகக் கோடு பிடித்து வரைந்தாள். புகைப்படத்தில் எழுத்தோரமெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. இந்தக் கரையில் உப்புப் பூக்காத படகு எது? உப்பு என்று நினைத்து அதை நீக்கிவிட்டாள். சிவப்பு எழுத்து நீலத்தின் மேல் கணினியில் துல்லியமாக நின்றது.

தேவாலயக் கூடத்தில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். மற்றப் படகுகளின் பெயர்களைக் கிழவர் சத்தமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் சிலுவை போட்டுக்கொண்டார். எர்மிந்தா படகின் பெயர் திரையில் வந்தபோது மட்டும் அவர் கை சிலுவைக்கு எழவில்லை. நர்சிசா திரையைப் பார்த்தாள். சிவப்பு நீலத்துக்குள் கசிந்து, எழுத்து கலங்கிக் கிடந்தது. வீடியோ முடிந்தது.

"நம்ம படகு எப்ப வரும் மகளே?"

நர்சிசா பென்டிரைவைக் கழற்றினாள். "இது சும்மா வெள்ளோட்டந்தான். வேல இன்னும் முடியல."

"ஆகட்டும், அவசரமில்ல. காத்திருந்து பழகுனவங்கதான நாங்க."

வீடு வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். தெரியாத விஷயமா? வீடியோ வெளிச்சத்தை முழுசாகச் சேர்த்து வைக்கும், நிறத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணும். ஒரே அளவு மங்கலான சிவப்பும் நீலமும் ஒட்டி நின்றால் நடுவில் விளிம்பே இருக்காது. எழுத்தை வெள்ளையாக்கினால் தீர்ந்துவிடும். ஆனால் அது ஹசிந்தோவின் எழுத்தாக இருக்காது.

புகைப்படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். உப்பு இவ்வளவு ஒழுங்காகப் பூக்காதே! வெள்ளை ஒரே கனத்தில் எழுத்தைச் சுற்றி ஓடியது, வளைவுகளில் தூரிகை திரும்பிய தடம்கூடத் தெரிந்தது. நீலத்தில் சிவப்பு தூரத்துக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காகவே விளிம்பு கட்டியிருக்கிறான். அம்மா பெயர் கரையிலிருந்தே தெரிய வேண்டும் என்று அவன் போட்டதை, அழுக்கென்று துடைத்துவிட்டாள். "அடிப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த விளிம்பைத் திரும்ப வரைந்தாள். திரையில் எத்தனை புள்ளியோ அத்தனைக்கே வீடியோவை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். இப்போது ஒரு எழுத்தும் கசியவில்லை.

திருவிழாவன்று பேதுரு சிலையைச் சுமந்துபோன படகுகள் திரும்பி, இருட்டத் தொடங்கியதும், கடற்கரைச் சாலையில் திரை ஒளிர்ந்தது. முன்வரிசையில் கிழவரும், இத்தனை நாள் வரமாட்டேன் என்றிருந்த எர்மிந்தாவும். நீலம் வந்தது. அதன்மேல் சிவப்பு, வெள்ளை விளிம்போடு. கிழவர் முன்னால் குனிந்தார்.

"எர்... மின்... தா."

"ம், இங்கதான இருக்கேன்" என்றாள் அவள், பழக்க தோஷத்தில். பிறகுதான் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திரையோரம் நின்றிருந்த நர்சிசாவுக்கு, மங்கலாகவே விட்டிருக்கலாமோ என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

அடுத்த பெயர் வந்துவிட்டது. எர்மிந்தா இன்னும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கையேதான். நல்லாத் தெரியுது" என்றாள். பிறகு கணவரின் தோளைத் தொட்டாள். "எந்திரிங்க. வீட்டுக்குப் போயி அந்த விளக்க அணைக்கணும்."