சுலோஜனாவின் இரண்டு லப்டொப்

மடத்துவெளியில் கடந்த பத்து வருசத்தில் எழும்பிய வெளிநாட்டுக்காரர் வீடுகளில் பாதிக்கு மேல் சுலோஜனா படம் கீறியவை. சுவிசில் இரண்டு அறைக்குள் ஒடுங்கிக் கிடப்பவனுக்கு ஊரில் ஆறு அறையும் மூன்று பல்கனியும் வேண்டும். வருசத்தில் இருபது நாள் வந்து அவன் படுப்பான், மிச்ச நாளெல்லாம் வௌவால் படுக்கும். அதைப் பற்றி அவளுக்கென்ன? அளவு நாடாவோடு காணிக்குப் போவாள். கிணறு எந்த மூலை, காற்று எந்தப் பக்கம், உவர் சுவரில் எவ்வளவு ஏறும் என்று வெயிலில் நின்று பார்ப்பாள். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில், குசினி மேசையில் இருந்து கீறுவாள். கையெழுத்து வைப்பது பட்டணத்து எஞ்சினியர் ஒருவர். படத்தில் பெயர் அவருக்கு, குனிந்து கீறி வந்த நாரிப்பிடிப்பு இவளுக்கு.

கீறுவது பழைய கறுப்பு லப்டொப் ஒன்றில். தடித்தது, பாரமானது, மூடியின் ஒரு பக்கப் பிணைச்சல் உடைந்து ஒட்டு ரேப் சுற்றியது. விசிறி சுற்றத் தொடங்கினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ஆனால் சனியன் ஒருநாளும் இடைவழியில் நின்றதில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்டக் கடை வைத்திருக்கும் கிளின்ரன் அதை நாலு தரம் திறந்து, தூசி தட்டி, பழுதானதை மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

போன வருசம் கோயில் திருவிழாவுக்கு சுவிசிலிருந்து செல்வரத்தினம் வந்தார். முந்தி தெற்கே கடை வைத்திருந்தவர், இப்போது வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஊரில் கல்யாண மண்டபம் ஒன்று கட்டச் சங்கம் முடிவெடுத்திருந்தது. அந்த வேலை மட்டும் கிடைத்தால் சுலோஜனாவின் பெயரையும் படத்தில் போடுவதாகப் பட்டணத்து எஞ்சினியர் வாக்குக் கொடுத்திருந்தார். பத்து வருசத்தில் முதல் தடவை! அவள் நித்திரையிலும் மண்டபம்தான் கட்டினாள்.

செல்வரத்தினம் வீட்டுக்கு வந்தார். கீறிய வீடுகளைக் காட்ட அவள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். மனிசன் வீடுகளைப் பார்க்கவில்லை, ரேப்பைத்தான் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை, கட்டுப்போட்ட காலோ?" என்று கேட்டுச் சிரித்தார். "உதிலயோ நீர் மண்டபம் கீறப் போறீர்? சங்கத்துக்காரர் என்னைக் காறித் துப்புவினம். பட்டணத்தில ஆரையும் பாப்பம்."

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கிளின்ரனிடம் போனாள். வெள்ளி நிறத்தில், கொப்பி மாதிரி மெல்லிசாக, வெளிநாட்டுக்காரர் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிவார்களே, அந்தச் சாதி லப்டொப் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டாள்.

கிளின்ரன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அக்கா, குறை சொல்லேலாது, நல்ல சாமான். வடிவு, பாரமில்லை, பற்றரி பகல் முழுக்க நிக்கும். பிளேனில இருந்து கடிதம் எழுதுற ஆக்களுக்கு அது குடுக்கிற காசுக்குச் சரி. நீங்கள் குசினியில இருந்து மண்டபம் கீறப் போறீங்கள். உங்கட வேலைக்கு அது மூச்சு வாங்கும். ஒரு சாமான் பழுதானா நான் கழற்றி மாத்தவும் ஏலாது, எல்லாம் உள்ளுக்க ஒட்டினபடி. அந்த விலையில மூண்டில ஒரு பங்குக்கு மாடு மாதிரி உழைக்கிற லப்டொப் ஒண்டு வாங்கலாம்."

"மாட்டைக் கண்டால் அவர் வேலை தரமாட்டார், தம்பி."

கிளின்ரன் விலைப்பட்டியலை எடுத்து நீட்டினான். ஆள் பாதி ஆடை பாதி என்று தெரியாமலா சொன்னார்கள்?

ஆனை விலை, குதிரை விலை. அவளிடம் இருந்தது பவுணில் தாலிக்கொடி ஒன்றுதான். புருசன் தயாபரன் பிரான்சுக்குப் போய் ஒன்பது வருசம். முதல் இரண்டு வருசம் போனில் கோல் எடுத்தான். பிறகு அங்கே ஒருத்தி, ஒரு பிள்ளை என்று கதை வந்தது. கேட்டதற்கு அவன் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான், அவ்வளவுதான். அந்த நாய் கட்டிய கொடியை விற்றுவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். மனிசன் உயிரோடு இருக்கக் கொம்பியூட்டருக்குக் கொடி விற்றவள் என்று கோயில் வீதியில் பெண்கள் வாய் ஓயாமல் கதைத்தார்கள். அவனை ஒருத்தியும் ஒரு சொல் சொல்லவில்லை.

புது லப்டொப் வந்தது. வடிவென்றால் வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. இரண்டு விரலால் தூக்கலாம். சத்தமே இல்லை. மண்டபத்தின் மாதிரிப் படம் ஒன்றைத் திறந்து கூரையைத் திருப்பிப் பார்த்தாள். திரை அப்படியே நின்றுவிட்டது. அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. கீறுகிற சொப்ட்வெயர் மூன்று தரம் தானாகப் பூட்டுப்பட்டது. மவுசைக் குத்துவதற்கு ஒரு துளைகூடக் காணவில்லை. சுலோஜனா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிறகு எழும்பினாள். கீறுவது பழையதில், குசினியில். கீறி முடிந்ததைப் படமாக்கி மெல்லிசில் ஏற்றுவது, அதை முன் விறாந்தையில் கண்ணாடி மேசைக்கு மேல் வைப்பது. வேலைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. வேறென்ன செய்வாள், பாவி?

அது பலித்தது, அதுதான் கொடுமை. தைப்பொங்கலுக்கு மறுபடி வந்த செல்வரத்தினம் மெல்லிசைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மூடியைத் தடவினார், தூக்கிப் பார்த்தார். அவர் வாயில் 'நீர்' போய் 'நீங்கள்' வந்தது.

"இதெல்லோ சாமான்! என்ர மருமகளும் இதுதான் வைச்சிருக்கிறா. நீங்கள் மண்டபத்தைத் தொடங்குங்கோ, பிள்ளை."

நாலு நாள் காணியில் நின்று அளந்தாள். ஆறு கிழமை, ஒன்றரை மாசம், கீறினாள். ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் மணவறையை எந்தக் கதிரையிலிருந்து பார்த்தாலும் தூண் மறைக்காது. சமையல் புகை சபைக்குள் வராது. மழைத்தண்ணீர் தொட்டிக்குப் போகும். படத்தைப் பார்த்துச் சங்கமே வாய் பிளந்தது. எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று செல்வரத்தினம் போனில் சொன்னபோது அவள் குசினிக்குள் தனிய நின்று அழுதாள், சந்தோசத்தில்.

வைகாசியில் செல்வரத்தினம் நேரில் வந்தார். கூடவே அவர் மனிசியின் தமையன் மகன் தனுஜன். முப்பது வயது, தொட்ட மூன்று தொழிலும் படுத்துப்போனது. அவன் கையில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே அதே வெள்ளி நிற மெல்லிசு, இவளுடையதைவிடப் புதிது.

"பிள்ளை, நான் யோசிச்சுப் பாத்தனான்," என்றார் செல்வரத்தினம். "நல்ல சாமான் இருந்தா அது வடிவாக் கீறித் தருது. பிறகேன் வெளியாளுக்குக் குடுப்பான்? இனி மண்டபத்து மிச்ச வேலையும் ஊர் வேலையும் தனுஜன் பாக்கட்டும். எந்தப் பட்டனை அமத்திறதெண்டு நீர் அவனுக்கு ஒருக்காக் காட்டிவிடும்."

மறுபடி 'நீர்'.

"அண்ணை, அது கீறாது."

"விளையாடாதையும். இவ்வளவு நாளும் ஆர் கீறினது?"

அதற்கு மேல் பொறுக்க அவளால் ஏலவில்லை. குசினிக்குள் போய்ப் பழையதை வயரோடு தூக்கிக்கொண்டு வந்து, மெல்லிசுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள். திறந்து மண்டபத்தைக் காட்டினாள். கூரையைத் திருப்பினாள், தூணை எடுத்தாள், வைத்தாள். விசிறி இரைந்தது, நாய் குரைத்தது.

"இதிலதான் கீறினனான். அந்த வெள்ளி உங்களுக்குக் காட்ட வாங்கினது. உங்கட கண்ணுக்காக என்ர கொடியை வித்தனான், தெரியுமே! அது கீறாது, இதுவும் கீறாது. நான் கீறினனான், அண்ணை. இந்தக் கையால, ஆறு கிழமை."

செல்வரத்தினம் குனிந்து பழையதைப் பார்த்தார். ரேப்பைத் தொட்டார். பிறகு புது மெல்லிசை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தனுஜனிடம் திரும்பினார்.

"பாத்தியே, கடைக்காரன் எங்களைப் பேய்க்காட்டிப்போட்டான். வடிவு மட்டுந்தான், உள்ளுக்க ஒண்டுமில்லை. இதெல்லோ கீறுறது!"

"அண்ணை, நான்..."

"ஓம் பிள்ளை, ஓம், விளங்குது." அவர் குரல் தன்மையாகவே இருந்தது. "உமக்குத்தான் புதுசு ஒண்டு இருக்கே. இந்தப் பழசுக்கு என்ன விலை சொல்லுறீர்?"

தனுஜன் அதற்குள் பிளக்கைக் கழற்றி வயரைச் சுற்றத் தொடங்கியிருந்தான்.